பழனிமுத்துவுக்கு மூத்திரம் அடைத்த கதை

1

இந்தக் கதை ஆஸ்பத்திரியில் உட்காரும் வாங்கு ஒன்றில் எனக்குக் கிடைத்தது. நான் தைரொயிட் கிளினிக்குக்குப் போயிருந்தேன். பக்கத்தில் கிருஷ்ணம்மா உட்கார்ந்திருந்தார். மாத்தளைப் பக்கம் இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். வெற்றிலை போடுகிறவர், குரலைத் தாழ்த்தத் தெரியாதவர். எதிர்க் கதவுக்கு முன்னால் ஆண்கள் வரிசை. அதில் அவருடைய கணவர் பழனிமுத்து, புடவைக்கடைப் பை ஒன்றை இடுப்போடு அணைத்துப் பிடித்தபடி நின்றார். அந்தப் பைக்குள் இன்னொரு பை இருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் போனது.

"எங்க வீட்டுக்காரருக்கு மூத்திரம் அடச்சிருச்சு தங்கச்சி," என்றார் கிருஷ்ணம்மா.

எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்பதற்கு முன்பே சொன்னார். வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் தலையைத் திருப்பினார்கள். ஒரு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வரிசையில் நின்ற பழனிமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரில் பார்க்க ஒன்றுமே இல்லை.

நான் கதை எழுதுகிறவள் என்று சொன்னேன். "எழுதுங்க," என்றார். "பேரப் போட்டே எழுதுங்க. அந்த மனுசன் செத்தாலும் சொல்ல மாட்டாரு. நாந்தான் ஊரு ஒலகம் கேக்கச் சொல்லியாச்சே."

அதனால் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமைதியான கதை வேண்டுமென்றால் பக்கத்தைப் புரட்டி வேறு கதைக்குப் போய்விடுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

2

முதல் தொடக்கம்:

"இரத்தோட்டை மலைகளின் மேல் அன்று காலை மூடுபனி மெல்ல இறங்கி—"

[நிறுத்தினேன். மூடுபனிக்கும் இவருடைய மூத்திரப் பைக்கும் என்ன சம்பந்தம்? மலையகம் என்று எழுத உட்கார்ந்தாலே கை தானாகப் பனியைத் தேடுகிறது. கையை அடக்கினேன்.]

இரண்டாம் தொடக்கம்:

"பழனிமுத்துவுக்குச் சில காலமாகவே ஒரு சிறிய சங்கடம் இருந்தது. அதை யாரிடமும்—"

[சிறிய? சங்கடம்? கால் முறிந்தவனைப் பற்றி இப்படியா எழுதுவேன்? அடித்தேன்.]

மூன்றாம் தொடக்கம் தலைப்பாகிவிட்டது. அது கிருஷ்ணம்மாவின் வாக்கியம். அதைவிட நல்ல வாக்கியம் என்னிடம் இல்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் கதைகளில் ஆண்கள் காதலிக்கிறார்கள், குடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், இருமி இருமி இரத்தம் கக்கிச் சாகிறார்கள். பாம்பு கடிக்கிறது, நெஞ்சு அடைக்கிறது. அழகாகச் சாகிறார்கள். ஒருவராவது எழுந்து ஒண்ணுக்குப் போகிறாரா? பக்கம் பக்கமாகத் தேநீர் குடிக்கிறார்கள், அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அறுபது வயது கதாநாயகன் விடிய விடியத் தூங்குகிறான். எழுதியவருக்கும் அறுபது வயதுதான். அவர் அந்த அத்தியாயத்தை எழுதி முடிப்பதற்குள் எத்தனை தரம் நாற்காலியை விட்டு எழுந்தாரோ, அதை மட்டும் எழுதவில்லை.

3

இனிக் கதை. பழனிமுத்துவின் பக்கத்தில் நின்று சொல்கிறேன். அவர் தானாகச் சொல்லமாட்டார் என்பதால்.

பழனிமுத்து அறுபதைத் தாண்டியவர். தோட்டத்தில் மிளகுக்கொடி ஏறுவதும் சாதிக்காய் பறிப்பதும் அவர் வேலை. ஆனால் அவரைக் கேட்டால் அது வேலை இல்லை, வயிற்றுப்பாடு. அவருடைய வேலை வருஷத்தில் ஒரு நாள்தான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் சக்திக் கரகம் எடுப்பது. அவருடைய அப்பா எடுத்தார், பிறகு அவர். கரகத்தைத் தலையில் வைத்தபின் கோயில் வாசல் வரும்வரை இறக்கக் கூடாது. இறக்கினால் தோட்டத்துக்கே ஆகாது. இத்தனை வருஷத்தில் அவர் இறக்கியதில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகத் தோட்டத் துரை முதல் லயம் என்கிற வரிசை வீடுகளின் கடைசித் தொங்கலில் இருக்கும் ஆள் வரை அவருக்கு மரியாதை கொடுத்தார்கள்.

அவருக்கு நடந்தது இதுதான். ஒண்ணுக்குப் போக வேண்டும் போல அவசரமாக இருக்கும். ஓடிப் போய் நின்றால் வராது. நிற்பார், நிற்பார். பிறகு மெல்லிசாக வரும், பாதியில் நின்றுவிடும். முடிந்தது என்று வீட்டுக்குள் வந்து படுத்தால் மறுபடியும் முட்டும். இரவில் இப்படி எத்தனையோ தரம். லயத்தில் கக்கூஸ் கடைசி வீட்டுக்கும் அப்பால் இருந்தது, அதன் தகரக் கதவு கிறீச்சிடும். ஆக லயத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் பழனிமுத்து எழுந்த கணக்குத் தெரியும்.

கோயில் கமிட்டித் தலைவர் சடையப்பன் இரண்டு வீடு தள்ளி இருந்தார். நோயைக் கண்டுபிடித்தது அவர்தான்.

"சீனி மச்சான். சந்தேகமே வேணாம்," என்றார். "எனக்கும் அதே கதைதான். ராவுல எந்திரிச்சு எந்திரிச்சு இடுப்பு விட்டுப் போச்சு. சீனியக் கொறச்சுக்க."

பழனிமுத்துவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சீனி வியாதி என்றால் மரியாதையான வருத்தம். தபால் மாஸ்டருக்கு இருக்கிறது, பெரிய கிளாக்கருக்கு இருக்கிறது. அன்றிலிருந்து தேயிலைச் சாயத்தண்ணிக்குச் சீனி போடவேண்டாம் என்றார். பாகற்காய்ச் சாறு குடித்தார். ஆள் இளைத்தார், கோபம் கூடியது, கக்கூஸ் கதவு கிறீச்சிடுவது மட்டும் குறையவில்லை. கடைசியில் தண்ணீர் குடிப்பதையே குறைத்தார். மேலே ஊற்றாவிட்டால் கீழே வராது என்பது அவருடைய கணக்கு.

* சடையப்பனுக்கும் சீனி சோதித்துப் பார்த்ததில்லை. கிருஷ்ணம்மா சொன்னபடி அந்த லயத்தில் ஐம்பது தாண்டிய ஆண்கள் எல்லாருக்கும் சீனியாம், ஒருவரும் இரத்தம் குத்திப் பார்க்கவில்லையாம். ஆண்கள் எல்லாருக்கும், பெண்கள் ஒருவருக்கும் இல்லை. அது ஏன் என்று எந்த ஆணும் யோசிக்கவில்லை. எனக்கு இதை எழுதும்போதே பேனையை எறியலாம் போல இருக்கிறது.

4

கிருஷ்ணம்மா சும்மா விடவில்லை. நச்சரித்து நச்சரித்து ஒரு நாள் பஸ் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன், எங்கே போனாலும் இதுதான் நடந்திருக்கும். கூடப் போனது மருமகள் நிரோஜா. மகன் கொழும்பில் வேலை. நிரோஜா படித்த பிள்ளை, சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. டாக்டரோடு பேச ஆள் வேண்டுமே.

அவர், நிரோஜா, டாக்டர், மூவரும் ஒரு சின்ன அறையில். டாக்டர் இளைஞர், களைத்த முகம். வெளியே வரிசை வாசல் வரைக்கும் நின்றது.

"மொகத அமாருவ?" என்று கேட்டார் டாக்டர்.

பழனிமுத்துவுக்குச் சிங்களம் தெரியும். சந்தையில் விலை கேட்க, பஸ்ஸை நிறுத்த, பொலிஸ்காரருக்கு வழி சொல்ல. இதைச் சொல்லுகிற சிங்களம் தெரியாது.

"மாமா, ஒங்களுக்கு என்ன செய்யுதுன்னு கேக்குறாரு," என்றாள் நிரோஜா.

பழனிமுத்து மருமகளின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பிள்ளை கலியாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அவரும் அவள் கண்ணில் படும்படி சட்டை இல்லாமல் நின்றதில்லை. அவளுடைய வாயில் அந்தச் சொல்லை வைத்து இந்தப் பையனிடம் அனுப்ப வேண்டும். அவள் அதைச் சொல்வாள், தலையைக் குனிந்துகொண்டு சொல்வாள், பிறகு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போக வேண்டும். நாளைக்கு அவள் கையால் சோறு வாங்கிச் சாப்பிட வேண்டும்.

"வயிறு," என்றார். "வயிறு வலிக்குதுன்னு சொல்லும்மா."

அவள் அதைச் சிங்களத்தில் சொன்னாள். டாக்டர் வயிற்றைத் தொட்டும் பார்க்காமல் எழுதினார். அசிட் குறைவதற்கு மாத்திரை, சாப்பாட்டுக்கு முன் ஒன்று. பழனிமுத்து அதை முறை தவறாமல் விழுங்கினார். வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறோம் என்று நிம்மதியாகவும் இருந்தார்.

[இந்த இடத்தில் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இரண்டு நாள் எழுதவில்லை. டாக்டர் மேலா? தமிழ் பேச ஒரு ஆளை வைக்காத ஏற்பாட்டின் மேலா? நிரோஜா மேல் முடியாது. பழனிமுத்து மேல்? ஆமாம், அவர் மேலும்தான். பாவம் என்று எழுதி அவரைத் தப்பவிடமாட்டேன். ஆனால் அந்த நாற்காலியில் அவருக்குப் பதிலாக உங்கள் அப்பாவை வைத்து, நிரோஜாவுக்குப் பதிலாக உங்கள் மனைவியை வைத்து ஒருமுறை அந்த அறையை நினைத்துப் பாருங்கள்.]

5

இதுவரை எழுதியதை ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். சஞ்சிகையின் பெயர் வேண்டாம். ஆசிரியர் செல்வரத்தினம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகத்துக்காக மாத்தளைக்கு வந்து, ஓய்வுபெற்றபின் இங்கேயே தங்கிவிட்டவர். நல்ல மனிதர். என் முதல் கதையைப் போட்டவரும் அவர்தான். மத்தியானம் போன் எடுத்தார்.

"பிள்ளை, கதை நல்லாத்தான் போகுது. ஆனா அந்த வருத்தத்தைக் கொஞ்சம் மாத்தேலாதோ?"

"எதுக்கு ஐயா மாத்தணும்?"

"இல்லை, குடும்பத்தோட வாசிக்கிற சஞ்சிகை. ஹார்ட் எண்டு வையுமன். நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுறார். கரகம் எடுக்கிற ஆள் எண்டு வேற எழுதியிருக்கிறீர், அருமையா வரும்."

"அவருக்கு நெஞ்சு நல்லா இருக்கு ஐயா. அடைச்சது கீழே."

"அட, அதைத்தானே சொல்லுறன். தலைப்பையும் ஒருக்கா… பொறும் பிள்ளை, வாறன்."

போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் காத்திருந்தேன். எனக்குள் கொதித்தது. நெஞ்சு என்றால் இலக்கியம், அதற்கு ஒரு முழம் கீழே போனால் அசிங்கமா? அந்த ஒரு முழத்தைத் தாண்ட முடியாமல்தான் பழனிமுத்து அசிட் மாத்திரை விழுங்கினார். நெடுநேரம் கழித்து ஐயா வந்தார்.

"முடிவை எழுதி அனுப்பும், பாப்பம்," என்று மட்டும் சொன்னார்.

6

திருவிழா நாள்.

மழைக்காலம். பழனிமுத்துவுக்கு ஒரு வாரமாகச் சளி. கரகக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கலாமா? கடையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டார். மூக்கு நின்றது. அதோடு, ஏற்கெனவே சொட்டாக வந்துகொண்டிருந்ததும் நின்றது. அந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதென்று அவருக்கு யார் சொல்வார்?

ஆற்றங்கரையில் கரகம் பாலித்து அலங்கரித்தார்கள். வேப்பிலையும் பூவும் சுற்றிய செம்பு. பழனிமுத்து குளிர்ந்த ஆற்றில் முழுகி, மஞ்சள் வேட்டி கட்டி நின்றார். பூசாரி இளநீர் கொடுத்தார். கரகம் எடுப்பவர் இளநீரை மறுக்கக் கூடாது. அவர் கொடுத்ததெல்லாம் குடித்தார். பிறகு ஒரு நிமிஷம் என்று சொல்லிப் புதர்ப்பக்கம் போய் நின்றார். அடிவயிறு கல்லாக இருந்தது. ஒரு துளி வரவில்லை. ஊதுகுழலும் தப்பு மேளமும் தொடங்கிவிட்டன, ஆட்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

சொல்லியிருக்கலாம். அந்த நேரம் சொல்லியிருந்தால் வேறு ஆள் எடுத்திருப்பான். பழனிமுத்து அதையும் நினைத்தார். நினைத்துவிட்டு, தலையில் துணியைச் சுருட்டி வைத்து, கரகத்தை வாங்கிக்கொண்டார்.

லயம் லயமாகக் கரகம் போனது. அந்தத் தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆகவே சொல்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் கரகம் நிற்க வேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து கரகக்காரரின் காலில் ஊற்றுவார்கள். அவசரமாக ஊற்றக் கூடாது, பக்தியோடு, மெல்ல ஊற்ற வேண்டும். வெளியே விட முடியாமல் ஒரு மனிதன் துடிக்கும்போது, வாசலுக்கு வாசல் சளசளவென்று காலில் தண்ணீர் விழுகிறது. அந்தச் சத்தம் அவருடைய அடிவயிற்றில் கத்தி வைத்துத் திருகியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார், அடுத்த வாசலுக்கு நடந்தார்.

மேல் லயம் வருவதற்குள் உடம்பு நடுங்கத் தொடங்கியது. வேர்த்துக் கொட்டியது, கண் சொருகியது, தொண்டையிலிருந்து ஓர் உறுமல் வந்தது. ஒரு பெண் குலவையிட்டாள்.

"ஆத்தா வந்துட்டா! ஆத்தா எறங்கிட்டா!"

தப்பு வேகம் பிடித்தது. ஆட்கள் கற்பூரத்தோடு ஓடிவந்தார்கள். சடையப்பன் ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டார்.

"தாயே, குத்தங்கொற எதாச்சும் இருந்தா வாயத் தொறந்து சொல்லு தாயே!"

"முடியல," என்றார் பழனிமுத்து.

"என்ன தாயே முடியல?"

"முடியல… முடியல…"

"ஆத்தாவுக்குச் சூடு தாங்கலடா! தண்ணி கொண்டாங்க! நெறயக் கொண்டாங்க!"

குடம் குடமாக ஊற்றினார்கள்.

அத்தனை பேர் நின்றார்கள் அந்த ரோட்டில். அவர்களில் பாதி ஆண்களுக்கு அந்த வலியின் தம்பியாவது தெரியும். இருந்தும் ஒரு மனிதன் மூத்திரம் முட்டித் துடிக்கிறான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று எல்லாருக்கும் உடனே தோன்றியது.

7

முடிவுகள் பற்றி.

(அ) அவர் கோயில் வாசல் வரை போய், கரகத்தை இறக்கி வைத்து, விழுந்து சாகிறார். தோட்டமே அழுகிறது. சமாதி கட்டுகிறார்கள். செல்வரத்தினம் ஐயாவுக்குப் பிடிக்கும். அச்சுக்குப் போய்விடும். எனக்கு வாந்தி வருகிறது. கிழித்தேன்.

(ஆ) இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாங்கில் இருந்து கேட்கும்போதே எனக்கு மின்னலாக வந்த முடிவு. சாமி வந்தவர் வாயில் வருவது சாமி வாக்கு, யாரும் மீற முடியாது. ஆக பழனிமுத்து, ஆத்தாளின் குரலிலேயே, "எனக்கு மூத்திரம் அடச்சிருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போடா" என்று கட்டளையிடுகிறார்! சடையப்பன் நடுங்கிப்போய் லொறியைக் கூப்பிடுகிறார்! நான் உற்சாகத்தில் கிருஷ்ணம்மாவின் கையைப் பிடித்தே கேட்டேன்: "அக்கா, அவர் ஆத்தா குரல்ல சொன்னாரா?"

கிருஷ்ணம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆத்தா தலையில ஏன் போடுறீங்க? ஆத்தா ஒண்ணும் சொல்லல. அந்தாளும் சொல்லல. நாந்தான் சொன்னேன்."

அடித்துவிட்டேன். அது நல்ல முடிவுதான், அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது. தன் மூத்திரத்தைப் பற்றிச் சொல்ல ஒரு மனிதனுக்குத் தெய்வத்தின் வாய் எதற்கு? அவருக்கு வாய் இல்லையா?

(இ) நடந்தது.

கிருஷ்ணம்மா பெண்கள் கூட்டத்தில் பின்னால் வந்துகொண்டிருந்தார். கணவரின் கால்களைப் பார்த்தார். சாமி வந்தவர்கள் குதிப்பார்கள். இவர் தொடைகளை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியில் நின்றார். தகரக் கதவுக்கு முன்னால் இரவுகளில் நிற்கும் அதே நிற்பு. கிருஷ்ணம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். இரண்டு கையாலும் கரகத்தைப் பிடித்துத் தூக்கினார். பெண் தொடக் கூடாத கரகம். அதைப் பக்கத்திலிருந்த பாலத்துக் கட்டையில் வைத்தார்.

தப்பு நின்றது.

"அவருக்குச் சாமியும் வரல ஒரு மண்ணும் வரல," என்று கத்தினார் கிருஷ்ணம்மா. "மூத்திரம் அடச்சிருக்கு! கேட்டுச்சா? மூத்திரம்! எவனாச்சும் ஆட்டோவ எடுங்கடா!"

8

அவசரப் பிரிவில் அன்று இருந்தவர் டாக்டர் ஸுஹைல். தமிழ் பேசுகிறவர். பழனிமுத்துவின் அடிவயிற்றில் கை வைத்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள் வேட்டியை விலக்கி, மருந்து தடவிக் குழாய் ஒன்றை உள்ளே விட்டார். பை நிறைந்தது. அதை மாற்றி இன்னொன்று போட்டார்கள், அதுவும் நிறையத் தொடங்கியது. பழனிமுத்து கூரையைப் பார்த்தபடி அழுதார். அப்பா செத்தபோது அழுததற்குப் பிறகு அவர் அழுதது அன்றுதான். வலி விட்டுப்போன சுகத்தில் வந்த அழுகை அது. அதன் அடியில் வேறொன்றும் இருந்தது. கரகம் கோயிலுக்குப் போகாமல் பாதி வழியில் இருக்கிறது.

"ஐயா, பயப்படாதீங்க," என்றார் டாக்டர். "ஆம்புளைங்களுக்கு மட்டும் மூத்திரப் பைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்கு. புரஸ்டேட்ன்னு சொல்லுவாங்க. நீங்க சாதிக்காய் பறிக்கிற ஆளாமே? சரியா அந்தச் சாதிக்காய் அளவு. அதுக்கு நடுவாலதான் மூத்திரக் குழாய் வருது. வயசு போகப் போக அது பெருக்கும். பெருத்தாக் குழாய நெரிக்கும். அவ்வளவுதான் விஷயம்."

"சீனி இல்லீங்களா?"

"பாத்தாச்சு, சீனி இல்ல. இது பெருத்திருக்குங்கிறதுக்காகக் கேன்சர்னும் அர்த்தம் இல்ல, அதையும் தனியா சோதிச்சுப் பாப்போம். சளிக்கு மாத்திர ஏதும் போட்டீங்களா?"

பழனிமுத்து ஆமென்று தலையசைத்தார்.

"அந்த மாத்திரையில சிலது இதை இன்னும் இறுக்கிரும். எவ்வளவு காலமா இந்தக் கஷ்டம்?"

பழனிமுத்து கதவைப் பார்த்தார். கதவருகே கிருஷ்ணம்மா நின்றார். பதிலைக் கிருஷ்ணம்மா சொன்னார். முழுவதையும் சொன்னார்.

"முன்னாடியே வந்திருந்தா மாத்திரையிலயே அடக்கியிருக்கலாம்," என்றார் டாக்டர். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. மாத்திரை தாறேன், குழாய் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும். கிளினிக்ல வந்து காட்டுங்க. மூத்திரம் தானாப் போகல்லன்னா ஒப்பரேஷன் செய்யலாம், வெளியில வெட்டாமலே செய்யுறாங்க. ஆனா வராம மட்டும் இருந்துறாதீங்க. இப்படியே அடைச்சு அடைச்சு நின்டா கிட்னி ரெண்டும் பழுதாப் போயிரும்."

பழனிமுத்து வீட்டுக்குப் போனார். சடையப்பன் கமிட்டியோடு வாசலுக்கு வந்தார். பழனிமுத்துவைப் பார்க்க வரவில்லை. கரகம் இறங்கியதற்குப் பரிகாரப் பூசை செய்ய வேண்டும், பொம்பளை தொட்டதற்கு வேறு பூசை, இனிக் கரகம் இந்த வீட்டுக்கு இல்லை, இதைச் சொல்ல வந்தார்.

"சரிண்ணே, செய்யுங்க," என்றார் கிருஷ்ணம்மா. "அப்புடியே நீங்களும் போய் டாக்டர்கிட்டக் காட்டுங்க. ராவுல கக்கூசு கதவு எனக்கும் கேக்குது."

சடையப்பனின் முகம் கறுத்தது. படியிறங்கிப் போனார்.

[அவர் டாக்டரிடம் போனாரா என்று கேட்டேன். "போவாரா?" என்று கிருஷ்ணம்மா என்னையே திருப்பிக் கேட்டார்.]

அன்றிலிருந்து பழனிமுத்து மனைவியோடு பேசவில்லை. உயிரைக் காப்பாற்றியவளோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைத் தட்டினார். லயத்துப் பையன்கள் பின்னால் சிரிக்கிறார்கள் என்று வெளியே போகவில்லை. மருமகளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒங்க மாமிகிட்ட சொல்லிரு. கிளினிக்குக்கு வாறேன். கொழாயக் கழட்டச் சொல்லிட்டு வந்துருவேன். ஒப்பரேசன் கிப்பரேசன் எல்லாம் பேசக் கூடாது. எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்லிருவேன்."

9

ஆக, வாங்கில் நானும் கிருஷ்ணம்மாவும் இருந்த நேரத்துக்கு வந்துவிட்டோம். வரிசை நகர்ந்தது. அன்று டாக்டர் ஸுஹைல் இல்லை, சிங்களம் பேசுகிற வேறு டாக்டர். நிரோஜாவை வரவேண்டாம் என்று பழனிமுத்துவே தடுத்திருந்தார். கிருஷ்ணம்மா உள்ளே வரக் கூடாது என்பதும் அவருடைய சட்டம்.

"உள்ள போயி என்ன சொல்லுவாருன்னு தெரியல தங்கச்சி," என்றார் கிருஷ்ணம்மா. அதுவரை கேட்ட குரல் இல்லை அது. முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "எல்லாம் சொகம்னு சொல்லிக் கொழாயக் கழட்டிட்டு வந்துட்டாருன்னா, மறுபடி அடைக்கும். நான் எத்தன தடவதான் நடுரோட்டுல கத்துறது? ஒரு தடவ அந்த மனுசன் வாயால சொல்லட்டுமே. ஒரே தடவ."

தாதி பெயரைக் கூப்பிட்டார். பழனிமுத்து புடவைக்கடைப் பையை இறுக்கிக்கொண்டு கதவுவரை போனார். அங்கே நின்று திரும்பிக் கிருஷ்ணம்மாவைப் பார்த்தார். கோபமா, பயமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஆண்களின் முகத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. பிறகு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அதே நேரம் பக்கத்துக் கிளினிக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது வாங்கு காலி.

ஆக எனக்குத் தெரியாது. உள்ளே டாக்டர் "மொகத அமாருவ?" என்று கேட்டிருப்பார், அதுவரை தெரியும். கதையை அதோடு நிறுத்தி அனுப்பிவிட்டேன்.

செல்வரத்தினம் ஐயா சற்றுமுன் போன் எடுத்தார்.

"பிள்ளை, முடிவில்லையே இதில."

"டாக்டர் கேட்டுட்டார் ஐயா. இனிப் பழனிமுத்து வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லணும். அதை நீங்க சொல்லுங்க, நான் எழுதிடுறேன்."

"நான் என்னெண்டு சொல்லுறது? எழுதுறது நீர்."

"அவருக்கும் உங்களுக்கும் ஒரே வயசுதானே ஐயா."

மறுபக்கத்தில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

"பொறும் பிள்ளை," என்றார் ஐயா. "வாறன்."

போன் மேசையில் வைக்கப்பட்டது. செருப்புச் சத்தம் போனது. ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள். போன தடவை தேநீர் எடுக்கப் போகிறார் என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை காதைக் கொடுத்துக் கேட்கிறேன். ஒன்றுமில்லை. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கொஞ்சம் தண்ணீர்ச் சத்தம். நின்றுவிட்டது. மறுபடியும் ஒன்றுமில்லை.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இல்லை, இருக்கிறது. கூடப் பயமும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஐயா வந்து போனை எடுத்ததும் நான் கேட்கத்தான் போகிறேன். "எவ்வளவு காலமா ஐயா?" என்று கேட்பேன். அவர் கதையைப் போடாமல் விட்டாலும் பரவாயில்லை. அதற்குள் நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். பழனிமுத்துவின் வசனத்தை நீங்கள் சொல்லிவிடுங்கள். உங்களுக்காகவோ, உங்கள் அப்பாவுக்காகவோ, வீட்டில் இரவில் எழுந்து எழுந்து போகிற யாருக்காகவோ. மனதுக்குள் வேண்டாம், வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் மருமகள் இருந்தால் இருக்கட்டும். இடம் விட்டிருக்கிறேன்.

"டாக்டர், எனக்கு                                                  "

ஐயா இன்னும் வரவில்லை.